ஆன்மிகத் தலைமையும் போரறமும்: அமீர் அப்துல் காதிரை முன்வைத்து

உலகப் பற்றறுத்தலைப் போதிக்கும் சூபித்துவம் ஆயுதப் போராட்டத்துக்கு அடித்தளமாதல் முரண்பாடன்றோ என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுவதுண்டு. வரலாற்றை நோக்குமிடத்து இம்முரண் அத்துணைப் பெரிதன்று. 1830இல் பிரெஞ்சுப் படைகள் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியதோடு துருக்கியர் ஆட்சி சரிந்தது. அதன்பின், குலங்களாகப் பிரிந்துகிடந்த மேற்கு அல்ஜீரிய மக்களை ஒன்றிணைக்கும் ஆற்றல் தரீக்காக்களிடமே பெரிதும் எஞ்சியிருந்தது. ஈழத்து முஸ்லிம்களிடையேயும் வேரூன்றிய காதிரிய்யாத் தரீக்காவின் ஷெய்கு முஹ்யித்தீனுடைய மகன் அப்துல் காதிர், 1832இல், 24 வயதளவில் அமீராக ஏற்றுக்கொள்ளப்பட்டமைக்கு அவ்வழி வந்த நன்மதிப்பே முதற்காரணம்.

ஆயின் தரீக்கா என்றாலே எதிர்ப்பு எனக் கொள்வது பிழை. திஜானிய்யாவினர் அவரது தலைமையை ஏற்கவில்லை. அவர்களது ஐன் மாதியை 1838இல் அவரே மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். சூபியைச் சூபி முற்றுகையிட்ட இந்நிகழ்ச்சியை, அவருக்குப் புகழ்மாலை சூட்டுவோர் விரைந்து கடந்துவிடுவர்.

இதனினும் கடினமானது போரறம் பற்றிய பிரச்சினை. 1845இல் தஹ்ரா மலைக்குகைகளில் ஒதுங்கிய உலாத் ரியாஹ் குலத்தவர் நூற்றுக்கணக்கானோரை, வாயிலில் தீமூட்டிப் புகையாற் கொன்றது பெலிஸ்ஸியேயின் படை. அப்துல் காதிரோ கைதிகளின் தலைகொய்யும் வழக்கத்தைத் தடைசெய்தார். உணவளிக்க இயலாதபோது அவர்களை விடுவித்ததுமுண்டு. எனினும் 1846இல், அவர் தொலைவிலிருந்த வேளை, அவரது பாளையத்திலேயே பிரெஞ்சுக் கைதிகள் பலர் கொல்லப்பட்டனர். ஆணை அவருடையதன்று என்பர். அங்ஙனமாயின் பொறுப்பும் அவருடையதன்றா? சாதாரணத் தளபதி ஒருவருக்கு இவ்விடை போதுமானதாகலாம். அவரது படையினர் யாவரும் சீடரல்லர் என்பதும் உண்மையே. ஆனால் அவரது அதிகாரம், சீடனின் உள்ளத்தைப் பண்படுத்துதல் தன் கடன் எனக் கொண்ட மரபினின்று பிறந்தது. வெற்றிக்காலத்தில் அம்மரபின் பெயரால் கீழ்ப்படிதலைப் பெற்றவர், பசியும் பின்வாங்கலும் நெருக்கிய காலத்தில் தம்மவர் செய்ததிலிருந்து முற்றாக விலகி நிற்றல் இயலாது.

இக்கண்டிப்பான அளவுகோலை அவரும் மறுத்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. 1847இல் அவர் சரணடைந்தார். கிழக்கே செல்லவிடுவதாக அளிக்கப்பட்ட வாக்கு மீறப்பட்டு, 1852 வரை பிரான்சிற் சிறையிருந்தார். பின்னர் டமஸ்கஸில் வாழ்ந்த அவர், 1860இல் அங்கு கிறிஸ்தவர் தாக்கப்பட்டபொழுது, தம்முடனிருந்த அல்ஜீரியரைத் திரட்டி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். இம்முறை பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்து அவர் அகலவில்லை. தம் இல்லத்தைப் புகலிடமாக்கி, தாமே வீதியில் இறங்கினார்.