தானே வனையும் மண்

பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என மூன்றாகப் பகுத்து, அறிவற்ற பொருள் தானே தொழிற்படாது என்பதால் உலகிற்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்று சைவ சித்தாந்தம் வாதிடுகிறது. இப்பகுப்பைச் சோதிக்கும் பொருள் ஒன்று, ஈ.கோலை பாக்டீரியாவைத் தொற்றும் டி4 வைரஸில் உள்ளது. தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதிக்கான அதன் மரபணுவின் நடுவே, அந்நொதியின் அமைப்பில் சேராத 1,016 எழுத்து நீள இடைச்செருகல், அதாவது இன்ட்ரான், இருப்பது 1984இல் தெரியவந்தது. மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. இழை, புரதத் துணையின்றியே மடிந்து, அப்பகுதியை வெட்டி விலக்கி, எஞ்சிய முனைகளை ஒட்டிக்கொள்கிறது. இதை ஆராயும் முனைவர் பட்ட மாணவர், புரதம் நீக்கிய இழையோடு மெக்னீசிய உப்பையும் கதிரியக்க அடையாளமிட்ட குவானோசின் சேர்மத்தையும் கலந்து, ஜெல்லில் ஓடவிட்டு, எக்ஸ்ரே படலத்தில் பதித்தால், வெட்டுண்ட இன்ட்ரானின் தலையில் குவானோசின் ஒட்டியிருப்பதைக் காட்டும் கரிய பட்டை தெரியும்.

மண்ணே குயவனாயிற்று என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். குவானோசினும் மெக்னீசியமும் துணைக்காரணங்களாகவே நிற்கின்றன. முதலும் நிமித்தமுமே ஓரிழையில் கலக்கின்றன. மேலும், சித்தாந்தி கர்த்தாவிடம் வேண்டுவது வினை மட்டுமன்று, அறிவும் இச்சையும்கூட. வெட்டுமிடம் இழைக்குத் ‘தெரியும்’ என்பது வெறும் உபசார வழக்கு. உண்மையில் அவ்விடத்தைக் குறிப்பது யுராசிலும் குவானினும் கூடும் ஓர் இணை. அந்த எழுத்து வரிசை எப்படி வந்தது என்று சித்தாந்தி திருப்பிக் கேட்டால் வாதம் பரிணாமத்துக்கு நகரும். எனினும் அறிவற்றது தொழிற்படாது என்ற முதற்படியை அவர் அதற்கு முன்பே திருத்தி எழுதவேண்டியிருக்கும்.