உண்ண மறுக்கும் குட்டி

பாம்பைக் கண்டால் தடி தேடுவது நம் வழக்கம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதனைப் பெட்டியில் வைத்து வளர்ப்போர் பல்லாயிரவர் உளர் என்றால் நம்மிற் பலர் முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும். ஆயினும் அவ்வீடுகளில் எழும் ஒரு வினா, எவ்வுயிரையேனும் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அனைவருக்கும் உரியது. நம் கையிலிருக்கும் உயிர் உண்ண மறுத்தால் அதனை வற்புறுத்தும் உரிமை நமக்கு உண்டா?

அங்கே மிகுதியாக வளர்க்கப்படுவது ‘கார்ன் ஸ்நேக்’ எனும் சோளப்பாம்பு. தென்கிழக்கு அமெரிக்காவிற்குரியது, நஞ்சற்றது. முட்டையினின்று வெளிவரும் குட்டி ஏறத்தாழ ஓரடி நீளமே இருக்கும். முதற் சட்டை உரிக்கும் வரை வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவே அதற்கு ஆகாரம். பின்னர், மயிர் முளைக்காத எலிக்குஞ்சை, உறைய வைக்கப்பட்டதை வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் நீட்டுகின்றனர். பெரும்பாலான குட்டிகள் பற்றிக்கொள்ளும். சில முகந்திருப்பும். மறு வாரமும் அதே மறுப்பு.

பிடிவாதம் என்கிறோம். பிடிவாதமன்று. காட்டில் பிறந்திருப்பின் அக்குட்டி தேடுவது சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையுமே. நாவை நீட்டிக் காற்றின் மணத்தை வாங்கி, மேலண்ணத்து உறுப்பினால் இரையை அறிவது பாம்பின் இயல்பு. எலியின் மணம் அதற்கு உணவின் மணமாகப் படவில்லை! ஆகவேதான் கைதேர்ந்தோர் இறந்த எலிக்குஞ்சைக் கழுவி, பல்லி உரித்த தோலால் தேய்த்துத் தருகின்றனர். நேற்று மறுத்தது இன்று விழுங்கிவிடுவதும் உண்டு. வேறு சில குட்டிகளுக்கு அச்சமே தடை. பரந்த பெட்டியும் ஆளரவமும் அவற்றை ஒடுங்கச் செய்கின்றன. ஒளிய இடமுள்ள சிறு டப்பாவில் இரையுடன் இரவு முழுதும் தனியே விட்டால் விடிவதற்குள் உண்டிருக்கக்கூடும். வெப்பமும் வேண்டும். பெட்டியின் ஒரு புறமேனும் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இல்லையேல் உண்டதும் செரிக்காது.

இவற்றையெல்லாம் ஆராயாமல், வாயைப் பிளந்து இரையைத் திணிப்போரும் உளர். யாருடைய துன்பம் தீர அது செய்யப்படுகிறது? பெரும்பாலும் நம் பதற்றம் தீரவே அன்றோ! பாம்பு வேளைக்கு வேளை உண்ணும் பிராணியன்று. சில வாரப் பட்டினியைப் பொறுக்க வல்லது. திணிக்கப்பட்ட குட்டியோ அஞ்சிக் கக்கிவிடலாம். சிறு தாடை புண்படலாம். உடல் மெலிந்து எடை குன்றத் தொடங்கினால் செய்தி வேறு. அப்போது பொறுமை என்ற பெயரில் வாளாவிருப்பதும் கொடுமையே. விலங்கு மருத்துவரின் கை செய்யும் வற்புறுத்தல் அவ்வேளையில் இரக்கமாகிறது.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிவர். அங்கே திறந்திருந்த வாயில்கள் இரண்டு: உணவளிப்பது, அன்றேல் அவிழ்த்துவிடுவது. பிரிட்டனில் பிறந்த சோளப்பாம்புக்கு இரண்டாம் வாயில் இல்லை. அந்நிலம் அதற்குரியதன்று. அயல்நிலத்தில் பாம்பை விடுவது பிற உயிர்களுக்கும் கேடாகும். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில், வளர்ப்போரிடமிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள பாலூட்டிகளை அருகச் செய்துவிட்டன.

வாயிலை அடைத்தவர் நாம். ஆகவே, முன்னே வைத்தோம், அது உண்ணவில்லை என்று கைகழுவ இயலாது. அவ்வுயிர் உணவென அறிவதை, அஞ்சாமல் உண்ணும் இடத்தில் வைக்கும்வரை உணவளித்தவராக மாட்டோம் என்பதே நம் கருத்து. உண்ணாத குட்டிக்காகப் பாடுபடுவது அதன் விலைக்குக் கட்டாது எனக் கழித்துவிடும் வணிகரும் உளர். விலை குறைவு என்பது வாங்குவோன் கணக்கு. குட்டியின் பசிக்கும் அதற்கும் யாது தொடர்பு?

எலியும் ஓர் உயிரே. அதனை உயிருடன் பெட்டியிலிட்டு வேடிக்கை பார்ப்போர் இரண்டுக்கும் தீங்கிழைக்கின்றனர். வளர்ந்த எலியாயின் அது பாம்பைக் கடித்துப் புண்படுத்துவதும் உண்டு.

ஒருவாறு உண்டபின் இரண்டு நாளேனும் குட்டியைக் கையிலெடுக்கலாகாது; எடுத்தால் கக்கிவிடக்கூடும். இத்தனை நாள் கவலையோடு காத்திருந்த பிள்ளைகளுக்கு இதனைப் புரியவைப்பது எளிதன்று.