களை எனப்படுவது

ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் மாத்தளைப் பள்ளத்தாக்கின் தோற்றமே மாறிவிடும். ஆடி, ஆவணியில் வெளிறிக் கிடந்த சரிவுகள் ஒரு கிழமைக்குள் பச்சை கொள்ளும். நாட்டியது தளிர்ப்பதற்கு முன்னர் நாட்டாதது தழைத்து நிற்கும். மேனாட்டுத் தோட்டக்கலை நூல்கள் இலையுதிர்காலத்திலே புற்றரையைச் சீர்செய்யும் முறைகளை விரித்துரைப்பன. வெறும் இடங்களில் விதை தூவுதல், உதிர்ந்த இலைகளை வாரி அகற்றுதல், குளிர் வருமுன் களைகளை அழித்தல் என்பன அவற்றுட் சில. இலையுதிர்காலம் என ஒன்று மாத்தளைக்கு இல்லை. ஆயினும் அங்குள்ள வீட்டுத் தோட்டக்காரனுக்கு அக்காலம் எத்தகையதோ, இங்குள்ளவனுக்கு வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முந்திய ஐப்பசியும் கார்த்திகையும் அத்தகையன. மண்வெட்டியோடு முற்றத்தில் இறங்கும் ஒருவன் அப்போது எதிர்கொள்ளும் முதல் வினா தொழில்நுட்பம் பற்றியதுபோலத் தோன்றும். உண்மையில் அஃது அறம் பற்றிய வினாவேயாகும். எதைப் பிடுங்குவது, எதை விடுவது?

களை என்னும் சொல்லையே முதற்கண் நோக்குதல் தகும். நெல், தினை, அறுகு, வல்லாரை என்பன செடிகளின் பெயர்கள். களை அவ்வாறான பெயரன்று. அது களைதல் என்னும் வினையோடு ஒட்டி நிற்பது. களையப்படுவது எதுவோ அது களை. ஆகவே அச்சொல் செடியின் இயல்பைக் கூறாது, செடியின்மீது மனிதன் செய்யும் செயலைக் கூறுகின்றது. தாவரவியலார் வகுத்த குடும்பங்களுள்ளே களைக்குடும்பம் என ஒன்று இல்லாமை வியப்பன்று. ஈரம் தங்கும் புற்றரையிற் படரும் வல்லாரை புற்றரைக்காரனுக்குக் களை. அதே வல்லாரை சந்தையிற் கட்டுக்கட்டாக விலைப்படும் கீரை. வாய்க்கால் ஓரத்துக் கீழ்காய்நெல்லி தோட்டக்காரனின் கைக்கு அகப்படுமுன் மஞ்சட்காமாலை கண்ட ஒருவரின் வீட்டாருக்கு அகப்பட்டால் அது மருந்து.

மாத்தளை நகருக்கு வடக்கே தம்புள்ளைப் பாதையில் அமைந்த அலுவிகாரையில்தான் பாளி மொழியிலமைந்த பௌத்தத் திருமுறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. அத்திருமுறைகளுள் ஒன்றாகிய மகாவக்கத்திலே சீவகன் என்னும் மருத்துவனின் கதை வருகின்றது. தக்கசீலத்தில் ஏழாண்டு பயின்ற சீவகனிடம் ஆசிரியர் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, நகரைச் சுற்றி ஒரு யோசனைத் தூரம் திரிந்து மருந்தாகாத செடி ஒன்றைக் கொண்டுவருமாறு பணித்தார். அவன் வெறுங்கையோடு திரும்பினான். கல்வி நிறைவுற்றது என ஆசிரியர் விடைகொடுத்தார். விடை கொண்டுவராதவன் தேறும் தேர்வு ஒன்று உலகில் இருந்தது என்பது மாணவர்க்கு ஆறுதல் தரக்கூடும். அது நிற்க. பயனற்ற செடி என்பது அறியாமையின் மறுபெயர் என்னும் கருத்து, களைபிடுங்கக் குனிபவன் நினைவிற் கொள்ளற்பாலது.

ஆயின் இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசெல்ல இயலுமா? இயலாது என்றே கூறவேண்டும். எச்செடிக்கும் பயனுண்டு என்று கைகட்டி நிற்பவனின் பாத்தியில் மிளகாயும் விளையாது, கத்தரியும் விளையாது. திருவள்ளுவர் உழவு அதிகாரத்திலே களைகட்டலை உழவனின் கடன்களுள் ஒன்றாக வைத்தார். செங்கோன்மை அதிகாரத்திலே கொலைபுரியும் கொடியோரை வேந்தன் ஒறுத்தலைப் பைங்கூழ் காக்கும் களைகட்டலோடு ஒப்பிட்டார். ஒன்று வாழ வேண்டுமெனின் மற்றொன்று அகற்றப்பட வேண்டும் என்னும் கடுமையான உண்மையை அவர் மறைக்கவில்லை. எனவே பிடுங்குவதா, விடுவதா என்பதன்று வினா. எந்த அளவுகோல் கொண்டு பிடுங்குவது என்பதே வினா.

புற்றரை அவ்வளவுகோலைத் தெளிவாகக் காட்டுவதற்கு ஏற்றது. உணவுக்காக நிலத்தை நம்பியிராத செல்வர்களே முதன்முதலிற் பரந்த புற்றரைகளை வளர்த்தனர். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் மாளிகைகளைச் சுற்றி அவை விரிந்தன. விளையாத நிலத்தை வைத்திருக்கத் தன்னால் இயலும் எனப் பிறர்க்குக் காட்டுவது அதன் உட்பொருள். 1830 இல் எட்வின் படிங் புல்வெட்டும் பொறிக்கு உரிமம் பெற்றார். அதன்பின் சாதாரண வீட்டுக்காரனுக்கும் புற்றரை எட்டியது. அடுத்து நிகழ்ந்ததே சிந்தனைக்குரியது. குளோவர் என்பது அவரையினத்தைச் சேர்ந்த சிறு படர்செடி. காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் நிலைநிறுத்திப் புல்லுக்கு உரமூட்டுவது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேனாடுகளில் விற்கப்பட்ட பல புல்விதைக் கலவைகளில் அதுவும் விரும்பிச் சேர்க்கப்பட்டிருந்தது. 1940களின் நடுப்பகுதியில் 2,4-டி என்னும் களைகொல்லி சந்தைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லை விட்டுவிடுவது அதன் இயல்பு. களைகளோடு குளோவரும் மடிந்தது. மடிந்தது தவறு என்று கூறுவதற்குப் பதிலாகக் குளோவரும் களையே என்று கூறத் தொடங்கினர். பின்னர், அது கொடுத்துவந்த உரத்தைப் பையிற் கட்டி விற்றனர். செடி மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. நஞ்சினால் விலக்க முடியாததை மனம் குற்றவாளியாக்கிக்கொண்டது.

மாத்தளையின் கோப்பித் தோட்டங்களிலும் இதையொத்த ஒன்று, இதனினும் பெரிய அளவில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைச்சரிவுகள் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டபோது, ஒரு புல்லும் நில்லாத வெறுஞ் செம்மண்ணே ஒழுங்கான தோட்டத்துக்கு அடையாளம் எனத் துரைமார் கருதினர். ஏக்கருக்கு இவ்வளவு என்னும் மாதக் கொந்தரப்பு முறையில், சுரண்டி என்னும் கருவியால் நிலம் சுரண்டப்பட்டது. அக்கருவியின் தமிழ்ப்பெயரே துரைமாரின் ஆங்கில ஏடுகளிலும் ஏறியது என்பது தொழில் யாருடைய கைகளால் நடந்தது என்பதற்குச் சான்று. மழை வந்தபோது காப்பில்லாத மேன்மண் ஆறுகளுக்குச் சென்றது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கொக்கோ, இறப்பர், தேயிலை என்பன அதனிடத்தைப் பிடித்தன. ஆயினும் துப்புரவாகச் சுரண்டும் வழக்கம் பயிர் மாறியபின்னும் தொடர்ந்தது. மண்ணரிப்பைத் தடுப்பதற்கென 1951 இல் மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, போன மண் போனதுதான். துப்புரவு என்பது வீட்டுத் தரைக்குரிய பண்பு. அதனை மலைச்சரிவுக்கு ஏற்றியமையே பிழை.

தமிழர், சிங்களவர் இருவர் வீட்டு முற்றமும் புல்லின்றிப் பெருக்கப்படுவதன்றோ என்று ஒருவர் வினவலாம். உண்மை. பாம்பும் தேளும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நெல் காயவேண்டும், பிள்ளைகள் தவழவேண்டும். ஆயின் அம்முற்றம் சில எட்டுகளில் முடிந்துவிடும். அதற்கப்பால் கண்டிய வீட்டுத்தோட்டம் தொடங்கும். மேலே தென்னை, கமுகு, பலா. அவற்றின் கீழே சாதிக்காய், கராம்பு, கிளிரிசீடியாவிற் படரும் மிளகு. அதன் நிழலிற் கோப்பி, கொக்கோ. நிலத்தோடு இஞ்சி, மஞ்சள், வல்லாரை. அந்நியர் கண்ணுக்கு அது காடு. உரியவளுக்கு ஒவ்வொரு செடியும் பெயரோடு தெரியும். உதிர்ந்த இலை அங்கே குப்பையன்று, மண்ணுக்குப் போர்வை. இத்தோட்டத்திலும் களைபிடுங்கப்படுகின்றது. ஆனால் பிடுங்கியது பிடுங்கிய இடத்திலேயே மரத்தடியில் மூடுபடையாகக் கிடக்கும்.

இத்துணையும் கூறியபின், களை என்பது வெறும் கண்ணோட்டமே என்று முடித்துவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. மாட்டுத்தீனிக்கென ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கினிப்புல் கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் ஆளுயரம் வளர்ந்து, கோடையிலே தீயை வரவேற்று, பிற கன்றுகளை எழவிடாது செய்கின்றது. பூவழகுக்கென அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த லந்தானா என்னும் உண்ணிச்செடி தோட்ட வேலியைத் தாண்டிக் காட்டோரங்களை மூடியது. இவற்றைப் பிடுங்குவதிற் குற்றமில்லை. எனின் அளவுகோல் இதுவாகலாம்: தனக்கு வேண்டாதது களையன்று, பிறவற்றை வாழவிடாததே களை. இவ்வளவுகோலை மேற்கொண்டு நோக்கினால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. பிறவற்றை வாழவிடாதது என்னும் குற்றத்துக்கு ஒற்றைப் புல்லாலான புற்றரையும் ஆளாகின்றது. ஆயின் புல் தானாக அவ்வாறு செய்வதில்லை. ஒரு பருவம் விட்டுவிட்டால் அதனிடையே பத்துச் செடிகள் முளைத்துவிடும். அவற்றை வாழவிடாதது புல்லன்று, புல்லின் பின்னே நிற்கும் விருப்பம். குனிந்து பிடுங்குபவனின் கைக்கு அக்களை அகப்படாது.

அதனாற் புற்றரையே கூடாது என்பதில்லை. சரிவிலே வெறுமண்ணைவிடப் புல் எவ்வளவோ நன்று. அதன் வேர் மண்ணைப் பற்றி நிற்கும். அறுகும் வல்லாரையும் தொட்டாற்சுருங்கியை ஒத்த நைதரசன் தரும் படர்செடிகளும் கலந்து வளர இடமளித்து, ஒருமுறையில் உயரத்தின் மூன்றிலொன்றுக்கு மேல் வெட்டாது, வெட்டிய புல்லை வாரியெடுக்காது அங்கேயே விட்டு, ஐப்பசி மழையோடு கூட்டெருவைத் தூவி, மாசி பங்குனி வறட்சியில் அது பழுப்பதைப் பொறுத்துக்கொள்ளும் ஒருவனின் புற்றரைக்கு நஞ்சும் வேண்டியதில்லை, குழாய் நீரும் வேண்டியதில்லை. வேண்டுவது பொறுமை மட்டுமே. பழுத்த புல்லைக் காண்பதற்கு மனம் கூசுகின்றதே, அக்கூச்சம்தான் களைகொல்லிப் போத்தலின் மூடியைத் திறக்கின்றது.

அப்போத்தலைப் பற்றிச் சட்டம் கூறுவது போதாதா எனின், போதாது. இலங்கையில் கிளைபோசேற்று 2015 இல் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2022 இல் தடை நீக்கப்பட்டது. ஏழாண்டுக்குள் ஒரே செயல் குற்றமாகி, பாதி குற்றமாகி, குற்றமற்றதாகியது. வர்த்தமானியோடு அறம் மாறுவதில்லை. பராகுவாற்று என்னும் களைகொல்லி 2008 முதற் படிப்படியாக விலக்கப்பட்டமைக்குக் காரணம் புல்லன்று. புல்லைக் கொல்வதற்கென வீட்டில் வைக்கப்பட்டது, மனமுடைந்த வேளையில் மனிதர் கைக்கு எட்டியமையே காரணம்.

களைகட்டலை ஒறுத்தலுக்கு உவமையாக்கியபோது வள்ளுவர் ஒரு வரம்பிட்டார்: கொலையிற் கொடியார். செய்த தீமையே அங்கு அளவுகோல். அவ்வரம்பை நீக்கிவிட்டு, வேண்டாத இடத்தில் முளைத்தமையையே குற்றமாகக் கொண்டால் அவ்வுவமை எங்குச் செல்லும் என்பதற்கு மாத்தளை நெடுந்தொலைவு தேடவேண்டியதில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்துவந்த தொழிலாளரிற் பெருந்தொகையினர் வழியிலேயே இறந்தனர். எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் பெரும்பாலோர்க்கு 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் இடமில்லாது போயிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. நாற்றுமேடையிற் கன்று எண்ணுவோரும் எந்த மண்ணில் எது வேர் பிடித்திருக்கிறது என்று பார்த்தே எண்ணுவர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. களைபிடுங்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு கூட்டத்தார், சட்டத்தின் கண்ணிலே அவ்வளவு காலமும் எவ்வாறு தோன்றினர் என்பதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை.

லயன் வரிசையின் பின்புறத்தில், கானுக்கும் சுவருக்கும் இடையில், தமக்குச் சொந்தமில்லாத மண்ணிலேதான் அவர்கள் மரக்கறி வளர்த்தனர். நாளை எவர் கைக்குப் போகுமென்று தெரியாத நிலத்திற் பலாக்கன்று வைப்பது எளிதன்று. ஒரு பருவத்தில் முடிந்துவிடும் அவரையையும் கீரையையும் வைப்பதே இயல்பு. அண்மைக்காலத்தில் தோட்டக் குடும்பங்களுக்குத் தனிவீட்டோடு 7 பேர்ச்சஸ் நிலம் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எல்லோரையும் அது எட்டவில்லை. 7 பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீற்றர். அதில் வீடு போக எஞ்சுவதை ஓர் ஐப்பசி மழையிலே காணவேண்டும். வேலிக்கு நட்ட கிளிரிசீடியாத் தடிகள் துளிர்த்திருக்கும். கதவோரத்திற் கறிவேப்பிலை, மூலையில் முருங்கை, நெடுங்காலத்துக்குப் பின் காய்க்கும் என்று அறிந்தே வைத்த பலாக்கன்று. சிறிய முற்றம் பெருக்கப்பட்டிருக்கும். பெருக்கிய தரையின் விளிம்பிலே, மண்வெட்டி படாமல் விலக்கி வைக்கப்பட்ட ஒரு சாண் அறுகு, மஞ்சளிற் பிடித்த பிள்ளையாருக்குச் சூட்டுவதற்காக நிற்கும்.