இரவல் சொல்

கையில் அகராதி வைத்திருப்பவன் மொழி அறிந்தவன் ஆகிவிடுவானா? கேள்வி புதியதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த நாளில் நிகண்டை நெட்டுருப் போட வைத்தார்கள். ஒரு பொருளுக்கு எத்தனை பெயர், ஒரு பெயருக்கு எத்தனை பொருள் என்பதெல்லாம் செய்யுளாகவே மாணவன் நெஞ்சில் குடியிருக்கும். 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். அதன்பின் சொல்லைச் சுமக்க வேண்டியதில்லை, தேடத் தெரிந்தால் போதும் என்று ஆயிற்று. நிகண்டு கற்ற பெரியவர்கள் சிலராவது அப்போது முகத்தைச் சுளித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே கேள்வி இப்போது பூந்தமல்லிக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வழிநெடுகத் தொழிற்சாலைகள். கைபேசி செய்கிற பாக்ஸ்கான் முதலான தைவான் நாட்டுக் கம்பெனிகளும் அவற்றில் உண்டு. அங்கே மேலே இருப்பவர்களில் சிலர் பேசுவது சீனம். லைனில் நிற்கும் பெண்கள் பேசுவது தமிழ். நடுவில் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். இந்த வட்டாரத்துக்கு அயல்மொழி ஒன்றும் புதிதல்ல. ஆவடி டாங்கித் தொழிற்சாலை முதலில் பிரிட்டிஷ்காரரின் வடிவமைப்பையும், 1980-களில் சோவியத் நாட்டின் டி-72 டாங்கியையும் எடுத்துச் செய்த இடம். பிழைப்புக்காகப் பிறர் மொழியைப் படிப்பதில் இழிவு எதுவும் இல்லை. தமிழன் கடல் கடந்து வாணிபம் செய்தபோதும் அதைத்தான் செய்தான்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இப்படிச் சீனம் படிக்கிறார். ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் கைபேசிதான் ஆசிரியர். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே விரலால் கண்ணாடியில் ஓர் எழுத்தை வரைகிறார். பொருள் வந்து நிற்கிறது. பெயர்ப்பலகையைப் படம் பிடித்தால் அதுவும் மொழிபெயர்கிறது. "இது ஏமாற்று வேலையா சார்?" என்று என்னைக் கேட்டார். அவருடைய ஆசிரியர் அப்படிச் சொன்னாராம்.

ஏமாற்று வேலை இல்லை என்றுதான் சொன்னேன். சீன அகராதியின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நமக்கு அகரவரிசை உண்டு. 'கடல்' என்றால் ககரத்தில் தேடுவோம். சீன எழுத்துக்கு அந்த வசதி கிடையாது. 1716-ல் முடிந்த காங்ஷி அகராதியில் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். அவற்றை 214 மூல உறுப்புகளின்கீழ் அடுக்கியிருந்தார்கள். ஓர் எழுத்தைப் பார்த்தால் அதில் எது மூல உறுப்பு என்று ஊகித்து, மிச்சக் கோடுகளை விரல்விட்டு எண்ணி, பிறகுதான் பக்கத்தைப் புரட்ட வேண்டும். ஊகம் தவறினால் மறுபடி முதலிலிருந்து! ஒரு பத்தி படிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். அந்த வீண் உழைப்பைத்தான் கைபேசி எடுத்துக்கொண்டிருக்கிறது. போகட்டுமே. தண்ணீர் இறைக்க மோட்டார் வந்தபின் ஏற்றம் இறைப்பதே ஒழுக்கம் என்று யார் வாதாடுவார்கள்?

மறதி வருமே என்றால், வரத்தான் வரும். சீனர்களுக்கே வந்திருக்கிறது. பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று அவர்கள் ஒரு பழமொழி போலவே சொல்கிறார்கள். ஒலியைத் தட்டினால் எழுத்தைக் கருவியே எழுதிக்கொடுக்கிறதல்லவா? 2013-ல் அந்நாட்டுத் தொலைக்காட்சி பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சொல்வதெழுதுதல் போட்டி நடத்தியது. சொந்த மக்களுக்கே இந்தக் கதி என்றால் பூந்தமல்லிப் பையனை மட்டும் குற்றம் சொல்வானேன்?

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். தனக்காகப் படிக்கிறவன் அகராதியை நம்பிக் கெட்டால், கெடுவது அவன் மட்டும். கவிதையில் நிலவை விளக்கு என்று புரிந்துகொண்டால் நிலவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒருவர் பேச்சை இன்னொருவருக்குக் கொண்டு சேர்க்கிறவன் நிலைமை அப்படி அல்ல. அவன் தவறினால் வாய் திறக்காத மூன்றாம் ஆளின் தலையில் அது விழுகிறது. அதனால்தான் இதை அறத்தைச் சேர்ந்த கேள்வி என்கிறேன்.

சிறிய உதாரணம். சீனத்தில் 'வோ பாவ் லெ' என்றால் 'எனக்கு வயிறு நிறைந்துவிட்டது'. இதையே, பகரத்தில் மூச்சைச் சற்று ஊதிச் சொன்னால் 'நான் ஓடிவிட்டேன்'! ஊதாத பகரம் நம் நாவுக்கு இயல்பாக வருவது. ஊதுவது வடமொழி படித்தவனுக்குத்தான் கொஞ்சம் பழக்கம். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே. 'மாய்' என்பதற்கு ஒரு சுருதியில் வாங்குதல் என்று பொருள். இன்னொரு சுருதியில் விற்றல். காதில் தவறாக விழுந்ததைக் கைபேசியில் தட்டினால், தட்டியதற்கு ஏற்ற பொருளை அது கொஞ்சமும் தயங்காமல் காட்டும். கருவிக்கு வெட்கம் கிடையாது. தெரியாது என்று சொல்கிற மனிதனிடம் ஏமாறும் வாய்ப்புக் குறைவு. எதைக் கேட்டாலும் ஏதோ ஒன்றைச் சொல்கிறவனிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் பையன்கள் கையில் இருக்கும் அகராதிகள் பெரும்பாலும் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவை. அங்கிருந்து தமிழுக்கு இவர்களாகவே நடந்து வர வேண்டும். ஷிப்டு முடிந்து போகிற பெண்களைப் பார்த்து ஒரு தைவான்காரர் 'ஷின்கூ லெ' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அகராதியில் கஷ்டம், பாடு என்ற பொருள்தான் முதலில் நிற்கும். எழுத்தைப் பிரித்தால் காரம், கசப்பு. அவர் சொன்னதோ, "பாவம், ரொம்பப் பாடுபட்டீர்கள்" என்கிற நன்றி. 'வேலை கடினம் என்கிறார்' என்று ஒருவன் மொழிபெயர்த்தால் அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் ஒரு மனிதர் கொடுத்த மரியாதை வழியிலேயே தொலைந்துபோயிற்று.

இலங்கையில் காலியில் 1911-ல் கண்டெடுத்த ஒரு கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது. 1409-ஆம் ஆண்டு பொறித்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சீனப் பகுதி புத்தருக்குப் படைக்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாராகிய திருமாலுக்கு. பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர்கள் செய்யக்கூடிய காரியமா அது? படிக்கப் போகிறவன் யார் என்று யோசித்து, சரியோ தவறோ, யாரோ சில மனிதர்கள் தம் பொறுப்பில் செய்த காரியம். அதில் கொஞ்சம் தந்திரமும் இருந்தது என்று நான் சந்தேகிக்கிறேன். அரசாங்கக் கல்வெட்டு அல்லவா!

அந்தப் பொறுப்பைக் கைபேசியிடம் ஒப்படைக்க முடியாது. ஆகவே அந்த இளைஞரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "எத்தனை வேண்டுமானாலும் பாருங்கள் தம்பி. ஆனால் அது சொல்வதைச் சந்தேகிக்கிற அளவுக்குப் படித்துவிட்டு, அப்புறம் அடுத்தவர் பேச்சைத் தூக்கிக்கொண்டு போங்கள்." அவருக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்கு எடுக்கிறவர்கள் அதுவரை காத்திருப்பார்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பசிக்குக் காலெல்லை உண்டு. என்றாலும் நான் விடவில்லை. ஊரில் மாமா இறந்துபோனார் என்று ஒரு பெண் அழுதுகொண்டே லீவு கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

அவர் கைபேசியைத் தட்டினார். மாமா ஆங்கிலத்தில் 'அங்கிள்' ஆனார். அங்கிள் சீனத்தில் 'ஷூஷூ' ஆனார். ஷூஷூ என்றால் சித்தப்பா. வழியில் போகிற வயதுவந்த ஆணையும் சிறு பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாய்மாமனுக்குச் சீனத்தில் தனியாக 'ஜியூஜியூ' என்று ஒரு சொல் இருக்கிறது. பெரியப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. நம்மைப் போலவே உறவை எண்ணி எண்ணிப் பெயர் வைத்த ஜனங்கள் அவர்கள். இரண்டு பக்கமும் சரியான சொல் இருந்தும், நடுவில் புகுந்த ஆங்கிலம் இரண்டையும் விழுங்கிவிட்டது. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டவர், சீர் கொண்டுவந்தவர், அந்தப் பெண்ணின் கல்யாணப் பந்தலில் முன்னால் நின்றிருக்க வேண்டியவர், யாரோ ஒரு அங்கிளாகி லீவுக் காகிதத்தில் ஏறுகிறார். ஒரு நாள் போதுமே என்று மேலே இருப்பவர் நினைத்தால் அவர்மேல் என்ன தப்பு?

எந்த மாமா அம்மா, அம்மாவுடன் பிறந்தவரா என்று அவளைக் கேட்க அரை நிமிஷம் ஆகும்.