மேலே ஆண்டை இல்லாத நிலம்

டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட முதலாம் கிறிஸ்டியன், மகள் மார்கரெட்டின் சீதனத்துக்கு ரொக்கம் திரட்ட முடியாமல், 1468-இல் ஆர்க்னி தீவுகளையும் அடுத்த ஆண்டு ஷெட்லாந்தையும் ஸ்காட்லாந்து அரசரிடம் அடகு வைத்தார். ஆர்க்னிக்கு 50,000 ஃப்ளோரின், ஷெட்லாந்துக்கு 8,000. அங்குள்ள உழவர்களின் வயலும் அந்த அடகில் சேர்ந்ததா? சேரவில்லை. கிறிஸ்டியனிடம் இல்லாததை அவர் எப்படி அடகு வைக்க முடியும்?

யூடல் என்னும் நார்ஸ் வழக்கப்படி நிலம் பாட்டன், முப்பாட்டன் வழியில் வந்தது. வரி உண்டு, எந்தப் பிரபுவிடமும் மண்டியிட்டுப் பெற்றதில்லை. ஸ்காட்லாந்தின் மற்ற இடங்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். யூடல் நிலத்திலோ கடல் மிகத் தாழ வற்றும் கோடு வரை உழவருக்கே. இந்த உரிமை நியாயமானது. உழுது விளைவிப்பவரை இன்னொருவர் தயவில் நிறுத்துவது அவமானம். 1611-இல் நார்ஸ் சட்டம் செல்லாது என்று எடின்பரோ அறிவித்தது. காலப்போக்கில் தீவு நிலங்களில் பெரும்பகுதி பெரிய நிலக்கிழார்கள் கைக்குப் போனது. 18-ஆம் நூற்றாண்டில் குடியானவர்கள் கரையில் கடற்பாசியைக் குவித்து, புகைக்குள் நின்று எரித்து, கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சாம்பலை எடுத்தார்கள். லாபம் நிலக்கிழாருக்கு.

ஆனால் மேலே ஒருவரும் இல்லை என்பதாலேயே கீழேயும் ஒருவரும் இல்லை என்று ஆகிவிடாது. இதே உரிமையை ஓடெல் என்ற பெயரில் காத்துவந்த நார்வே, 1814 அரசியலமைப்பிலேயே அதற்கு இடம் கொடுத்தது. அந்தப் பண்ணைகளின் ஓரத்தில்தான் ஹுஸ்மன் குடும்பங்கள் வாழ்ந்தன: ஒரு குடிசை, ஒரு துண்டு நிலம், அதற்கு ஈடாகப் பண்ணையில் வேலை. யாருக்கும் தலைவணங்காத உழவர்தான் அவர்களுக்கு ஆண்டை. வீட்டுக்குள்ளும் மகன் இருந்தால் மூத்த மகளுக்குப் பின்வரிசைதான். 1974 சட்டம்தான் பெண்ணையும் ஆணையும் சமமாக்கியது.

இன்று ஓடெல் உரிமையில் பண்ணையை எடுப்பவர் 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து அதை நடத்தவேண்டும். இது சரி, நிலத்தைப் பூட்டிவைத்து ஊரைக் காலியாக்கும் சுதந்திரம் யாருக்கும் வேண்டாம். வெளியாளுக்கு விற்ற பண்ணையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் உறவினர் மீட்டுக்கொள்ளலாம் என்ற விதியைத்தான் ஏற்கக் கடினமாக இருக்கிறது. நிலமே இல்லாத வீட்டில் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் பண்ணை வாங்கியவரும் இந்த விதிப்படி வெளியாள்தான்.