முதலிற் சொல்பவன்

புதிய தொற்றுநோய்களை எதிர்கொள்ள நாடு ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆய்வுகூடம், தடுப்பூசி, பயிற்சிபெற்ற வைத்தியர், மிருக வைத்தியர் என அவ்வாயத்தத்தின் உறுப்புக்களை நிபுணர் அடுக்கிக் கூறுவர். யாவும் வேண்டியனவே. ஆயின், ஆய்வுகூடத்துக்கு முதலாவது மாதிரி எங்கிருந்து வரும்? தொழுவத்தில் ஒரு விலங்கு வழமைக்கு மாறாக இருமுவதை முதலிற் காண்பவன் அமைச்சனுமல்லன், விஞ்ஞானியுமல்லன். கூலிக்கோ கடனுக்கோ அத்தொழுவத்தில் உழைப்பவனே அதனைக் காண்கிறான். கண்டதை அவன் ஏன் வெளியிற் சொல்லவேண்டும்? இவ்வினாவை நாம் நிருவாக வினாவாக மாத்திரமன்றி, ஒழுக்கவியல் வினாவாகவும் கொள்கிறோம்.

மலேசியாவில் நிகழ்ந்ததை நோக்குவோம். 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் மூளைக்காய்ச்சலால் மாளத் தொடங்கினர். நுளம்பினாற் பரவும் ஜப்பானிய மூளையழற்சியே அது என அதிகாரிகள் முடிவுகட்டினர், புகையடித்தனர், தடுப்பூசி ஏற்றினர். அம்முடிவு அறவே ஆதாரமற்றதென்று கூறோம். ஆனாற் பண்ணைகளிற் கண்கூடாகக் கிடந்த சான்று வேறாயிருந்தது. ஜப்பானிய நோய் பெரிதும் சிறுவரையே தாக்குவது; இங்கு வீழ்ந்தவரோ பன்றிகளைத் தொட்டுப் பழகிய வளர்ந்த ஆடவர். தடுப்பூசி பெற்றவரும் வீழ்ந்தனர். பன்றிகளோ நாய் குரைத்தாற்போல உரக்க இருமின. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் சுவா கா பிங் புதிய வைரசொன்றைப் பிரித்தெடுத்தபோது 1999 மார்ச் மாதம் பிறந்துவிட்டது. சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரே அவ்வைரசுக்கு இடப்பட்டது. நோயின் பெயரால் உலகறிந்த ஊராவது எவ்வூருக்கும் உவப்பான புகழன்று.

இதற்கிடையில், உள்ளதையேனும் மீட்போம் எனக் கருதிய பண்ணையாளர் சிலர் பன்றிகளை அவசரமாக விற்றனர். நோயும் அவற்றோடு தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் பயணஞ் செய்தது; சிங்கப்பூரின் கொல்களத் தொழிலாளரையும் பற்றிற்று. மலேசியாவில் 100க்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர். 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

விற்றவரைச் சுயநலமிகள் என ஏசுதல் எளிது. தீங்கை அறிந்தவன் அறிவித்தே தீரவேண்டும், அது நிபந்தனையற்ற கடமை என்பாரும் உளர். கடமை உண்டென்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால், அறிவித்தவனின் தொழுவம் மறுநாளே வெறுமையாகும். அவன் மௌனங் கலைத்ததாற் காப்பாற்றப்படும் நகரமோ அவன் பெயரையும் அறியாது. பயன் எல்லோருக்கும், இழப்பு ஒருவனுக்கு என்ற ஏற்பாட்டின்மீது கடமையைச் சுமத்துவது, வறியவனிடம் மாத்திரம் வரி அறவிடுவதற்கு ஒப்பாகும். நட்டஈடு மிகுந்தாற் பண்ணையாளன் கவனங் குறைவான் என்பது திறைசேரியாரின் வாதம். அதிலும் சிறிது உண்மை உண்டு. எனினும் நட்டஈடு குறைந்தால் அவன் வாய்மூடுவான் என்னும் உண்மை அதனினும் பெரிது.

மேலும், அந்நோய் பண்ணையாளனின் குற்றத்தால் மாத்திரம் பிறந்ததன்று. பன்றிக் கொட்டில்களின் அருகே, மேலதிக வருவாய்க்காக, மாமரங்கள் வளர்க்கப்பட்டிருந்தன. அம்மரங்களிற் பழந்தின்னி வௌவால்கள் வந்து தங்கின; அவை கடித்த கனிகள் வழியே வைரசு பன்றிகளை அடைந்தது என்பது ஆய்வாளர் கொள்கை. ஆயிரக்கணக்கிற் பன்றிகளை ஓரிடத்தில் நெருக்கி அடைத்தது சந்தையின் தேவை. சந்தையின் இலாபத்தை உண்டோர் பலர்.

நாடுகளுக்கிடையிலும் இதே கணக்குத்தான். பறவைக் காய்ச்சலால் மக்களை இழந்துகொண்டிருந்த இந்தோனேசியா தன் வைரசு மாதிரிகளை உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு வழங்கிவந்தது. அந்நாட்டு வைரசைக் கொண்டு அவுஸ்திரேலியக் கம்பனியொன்று தடுப்பூசி ஆக்க முயன்றதை அறிந்ததும், 2007இல் இனி வழங்கோம் என மறுத்தது. அம்மறுப்பு ஆபத்தானது, ஆயினும் நியாயமற்றதன்று. 2021 நவம்பரில் ஒமிக்ரோன் வகையைத் தென்னாபிரிக்க விஞ்ஞானிகள் தாமதமின்றி உலகுக்கு அறிவித்தனர். அதற்குக் கிடைத்த பரிசு, சில நாட்களிலேயே செல்வநாடுகள் விதித்த பயணத் தடை. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றபோதும், மாதிரி கொடுப்பவனுக்கு மருந்திற் பங்கென்ன என்னும் முள் நிறைந்த பகுதி பின்னிணைப்புக்கென ஒத்திவைக்கப்பட்டது.

நம் நாட்டில் மாட்டின் காய்ச்சல் ஒரு திணைக்களத்துக்கும், அதை மேய்ப்பவனின் காய்ச்சல் இன்னொரு திணைக்களத்துக்கும் உரியது. 2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் சில உயிர்களைக் குடித்தது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலே நின்று வேலைசெய்பவன் நாட்கூலிக்காரன். காய்ச்சல் கண்ட முதல்நாளே ஆஸ்பத்திரிக்கு வா என அவனுக்கு அறிவுரை கூறுகிறோம். நல்ல அறிவுரை; அந்நாட் கூலியை யார் கொடுப்பார் என்பதையும் அறிவுரையிற் சேர்த்தல் வேண்டும். ஆயத்தத்துக்கென அரசு வகுக்கும் திட்டத்தில் நுணுக்குக்காட்டிக்கும் குளிரூட்டிக்கும் பணம் ஒதுக்கப்படும் பந்திகளை நாம் படிக்கிறோம். தொழுவத்தை இழப்பவனுக்கும் கூலியை இழப்பவனுக்கும் உரிய பந்தி எங்குள்ளதென்று, ஆசிரியரும் மாணவரும் அத்திட்டங்களைக் கையிலெடுத்துத் தேடிப்பார்க்கட்டும்.