தட்டின் பாட்டும் கோப்பின் பாட்டும்

பழைய அரக்கு இசைத்தட்டு ஒன்றை எம்பி3 கோப்பாக மாற்றிக் கேட்டுவிட்டு, "அதே பாட்டுதான்" என்கிறோம். எது அந்த 'அதே'? இந்தியத் தத்துவத்தில் இது நெடுநாள் வழக்கு. ஒலி நிலையானது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறதே தவிரப் படைப்பதில்லை என்றார்கள் வேதப்பொருளை ஆராய்ந்த மீமாம்சகர்கள். ஒலி பிறக்கிறது, அலை அலையாய்ப் பரவுகிறது, அழிகிறது. மறுபடி கேட்பது வேறொன்று என்றார்கள் தர்க்கப் பள்ளியினரான நையாயிகர்கள். மீமாம்சகர்கள் வாதாடியது வேதத்தின் எழுத்தொலிகளுக்காக; கிராமபோன் பாட்டுக்காக அல்ல. ஆனாலும் அவர்களுடைய வலுவான சான்று நமக்கும் பொருந்தும்: நேற்றுக் கேட்ட 'க'வை இன்று கேட்டதும் 'இது அதுவே' என்று கண்டுகொள்கிறோமே, எப்படி? விளக்கில் நொடிக்கு நொடி புதிதாய் எரிவதையும் 'அதே சுடர்' என்றுதானே சொல்கிறோம், ஒப்புமை நம்மை ஏமாற்றுகிறது என்பது எதிர்த்தரப்பின் பதில். என் தீர்ப்பு நையாயிகர்களுக்கே. கோப்பு மாற்றும் வேலையைக் கூர்ந்து பார்த்தால் காரணம் விளங்கும்.

தட்டில் ஒலி இல்லை, வரிப்பள்ளம்தான் இருக்கிறது. முள் ஓடும்போதுதான் ஒலி பிறக்கிறது. எப்படிப்பட்ட ஒலி என்பது ஓடும் வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 78 சுற்று என்று பொதுவாகச் சொன்னாலும் தொடக்ககாலத் தட்டுகள் பல அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் விரையும். 1902-இல் கல்கத்தாவில் பதிவான பாடகி கௌஹர் ஜானின் குரலை எந்த வேகத்தில் ஓட்டினால் அது அவர் குரல்? மாற்றுகிறவர் ஊகித்து ஒன்றைத் தேர்கிறார். அடுத்து, குறுந்தகட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 முறை அந்த அலையை அளந்து எண்ணாக்குகிறது கணினி. எம்பி3 அதோடு நிற்பதில்லை: பலத்த ஒலிக்கு அருகில் மெல்லிய ஒலி காதில் விழாது என்ற கணக்கின்படி பலவற்றைக் கழிக்கிறது. 128 கிலோபிட் கோப்பில் எஞ்சுவது குறுந்தகட்டுத் தரவில் பதினொன்றில் ஒரு பங்குதான். தட்டின் கரகரப்பு எது, குரலுக்குப் பின்னால் நிற்கும் தம்பூரா எது என்று பிரித்தறியும் ஞானம் அந்தக் கணக்குக்குக் கிடையாது.

எம்பி3-ஐ விடுங்கள், ஃபிளாக் வடிவம் ஒரு பிட்டைக்கூட இழப்பதில்லையே, விரித்தால் மூல எண்வரிசை அப்படியே கிடைக்கிறதே என்று மீமாம்சகர் எழுந்து நிற்கலாம். எண்வரிசைதான் நிலையான ஒலி, ஒலிபெருக்கி அதை வெளிப்படுத்துகிறது என்பார். அழகான வாதம்தான். ஆனால் அவருடைய நித்திய ஒலிக்குத் தொடக்கம் இல்லை, அதை ஆக்கியவரும் இல்லை. இந்த எண்வரிசைக்கு இரண்டும் உண்டு: ஒருவர் ஒரு முள்ளையும் ஒரு வேகத்தையும் தேர்ந்த கணத்தில் அது பிறந்தது. முள்ளை மாற்றியிருந்தால் வேறு வரிசை பிறந்திருக்கும். ஃபிளாக் பிழையின்றிக் காப்பது அந்தத் தேர்வைத்தான். ஒவ்வொரு முறையும் பிறப்பது புதிய ஒலி என்றால் எம்பி3-ஐ மட்டும் குறை சொல்வானேன் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. பிறப்பு புதிது என்பதாலேயே காரணம் முக்கியமாகிறது. காரணம் குறைந்தால் காரியமும் குறையும். எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பருக்குமே தவிர, கழிந்துபோன தம்பூரா திரும்பாது. பாட்டு எப்படியும் அழியாது என்று நம்புகிறவர்தான் தட்டை அலட்சியமாகத் தூக்கி எறிவார்.

ஆகவே வீட்டில் பழைய தட்டுகளோ ஒலிநாடாக்களோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் இழப்பில்லாத வடிவத்தில் மாற்றுங்கள். அன்றாடம் கேட்க வேண்டுமானால் அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முள், எந்த வேகம், எந்தக் கரகரப்பு நீக்கம் என்பதைக் கோப்போடு எழுதி வையுங்கள். மாற்றியாகிவிட்டது என்று மூலத்தைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.